குடும்பக் குழுவில் ஒரு பழைய எஸ்.எல். 500

கார்த்திக் (காலை 7:10): மாமா, ஜெயநகரில் ஒருவர் 1994-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் எஸ்.எல். 500 ஒன்றை விற்கிறார். நேற்று மாலை பார்த்துவிட்டு வந்தேன். 4,973 சிசி வி8 எஞ்சின், 32 வால்வுகள், 320 குதிரைத்திறன். சுவிட்சைப் பிடித்தபடி நின்றேன். பின்மூடி தானே திறந்து, துணிக்கூரை மடிந்து உள்ளே இறங்கியதும் மூடி அதன்மேல் படிந்துகொண்டது. விழவேண்டிய விலையெல்லாம் விழுந்துவிட்டது, இனி ஏறத்தான் செய்யும் என்கிறார். இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்த நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ரகு மாமா (7:34): ஆசைப்படத் தகுந்த வண்டிதான் கார்த்தி. 1989-இல் ஜெனீவா கண்காட்சியில் அந்த ஆர்129 (இந்தத் தலைமுறை எஸ்.எல்.-க்கு மெர்சிடிஸ் வைத்த குறியீடு) வந்தபோது, கார் கவிழப்போவதை உணர்ந்ததும் இருக்கைக்குப் பின்னாலிருந்து 0.3 நொடியில் எழுந்து நிற்கும் பாதுகாப்பு வளையத்தைப் பற்றிப் படித்துவிட்டுப் பல நாள் அதையே பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் விலை விழுந்து முடிந்ததால் செலவும் முடிந்தது என்று நினைக்காதே. தொழிலுக்கு வாங்கிய காருக்கு வருமான வரிக் கணக்கில் பொதுவாக ஆண்டுக்கு 15 சதவீதம், மீதமுள்ள மதிப்பின் மேல், தேய்மானமாகக் கழியும். அந்தக் கணக்கில் 100 ரூபாய் 5 ஆண்டில் 44 ரூபாயாகவும் 30 ஆண்டில் 76 காசாகவும் சுருங்கும். உதிரிபாகம் விற்பவர் அந்த 76 காசைப் பார்த்தா விலை சொல்வார்?

வசந்தா அத்தை (7:41): இன்சூரன்ஸ் எடுத்தால் அதில் வந்துவிடாதா?

ரகு மாமா (7:52): விபத்துக்குத்தான் தருவார்கள் வசந்தா, தேய்ந்து பழுதானதற்குத் தரமாட்டார்கள். அதிலும் 10 ஆண்டு கடந்த வண்டியின் உலோக பாகங்களுக்கும், எந்த வயது வண்டியானாலும் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் 50 சதவீதம் கழித்துக்கொள்வார்கள். ஐடிவி, அதாவது வண்டிக்குக் காப்பீட்டில் குறிக்கும் மதிப்பு, அதற்கான அட்டவணையும் 5 ஆண்டு வரைதான். அதற்குமேல் நாமும் கம்பெனியும் பேசி முடிவு செய்யும் தொகை என்பதால், படங்களோடு மதிப்பீட்டு அறிக்கை ஒன்றை முதலிலேயே எழுதி வாங்க வேண்டும்.

கார்த்திக் (7:58): ஆர்.சி. புதுப்பிக்க அதிகம் ஆகுமா மாமா?

ரகு மாமா (8:09): 20 ஆண்டு கடந்த இறக்குமதிக் காருக்கு 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி 80,000 ரூபாய். விண்டேஜ் பதிவுக்கு 50 வயது ஆகவேண்டும் என்பதால் 2044 வரை அந்த வழியும் இல்லை.

இவற்றைவிட எனக்குக் கவலை வயரிங்கில்தான். 1990-களின் முதல் பாதியில் வந்த மெர்சிடிஸ் கார்களில், எஞ்சின் வயர்களின் மேலுறை எளிதில் மக்கும் பொருளால் செய்யப்பட்டிருந்ததால், சூட்டில் காய்ந்து உதிர்வது எல்லோரும் அறிந்த குறை. எஞ்சின் அருகே ஒரு வயரை விரலால் மெல்ல வளைத்துப் பார்க்க வேண்டும். உறை அப்பளம்போல நொறுங்கினால், முழு வயரிங்கையும் மாற்றும் செலவை விலையில் குறைக்கச் சொல். மாற்றிய ரசீதைக் காட்டினால், கேட்கும் விலையைக் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. அடுத்து, கூரையை இயக்கும் ஹைட்ராலிக் சிலிண்டர்களில் எண்ணெய் கசிகிறதா என்று, முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பைத் துணியால் துடைத்துப் பார்ப்போம்.

கார்த்திக் (8:15): ஞாயிற்றுக்கிழமை என்னோடு வருகிறீர்களா?

ரகு மாமா (8:17): வருகிறேன். காலை 8 மணிக்கு நாம் போய்ச் சேரும்வரை ஸ்டார்ட் செய்யவேண்டாம் என்று அவரிடம் சொல்லிவை. பானெட்டைத் தொட்டுப் பார்த்து, குளிர்ந்திருந்தால்தான் சாவியைத் திருப்பச் சொல்வேன்.