காஸ்பியன் வழி ஏன் இழுத்தடிக்கிறது?

கேள்வி: சீனாவிலிருந்து கஜகஸ்தான், காஸ்பியன் கடல், அஜர்பைஜான், ஜார்ஜியா வழியாக ஐரோப்பாவுக்குப் போகும் கன்டெய்னர் ரஷ்ய வழியைவிடத் தாமதமாவது ஏன்? தூரம் அதிகம் இல்லையே?

பதில் (தண்டவாளம்): கைமாற்றங்களை எண்ணுங்கள். ரஷ்ய வழியில் இரண்டே: சீன–கஜகஸ்தான் எல்லையிலுள்ள கோர்கோஸில் 1435 மி.மீ. அகலத் தண்டவாளத்திலிருந்து 1520-க்கு, போலந்து எல்லையில் மறுபடி 1435-க்கு. இரண்டிலும் கிரேன் பெட்டியை வேறு வேகனுக்கு மாற்றிவிடும். காஸ்பியன் வழியிலோ கோர்கோஸ் போக, கஜகஸ்தானின் அக்தாவ் துறைமுகத்தில் கப்பலேற்றம், அஜர்பைஜானின் அலாட் துறைமுகத்தில் இறக்கம். பிறகு ஜார்ஜியாவின் போத்தி துறைமுகத்தில் மீண்டும் கப்பல், அல்லது துருக்கிக்கு என்றால் ஜார்ஜியாவின் அக்கல்கலாகியில் பாதை அகல மாற்றம். அக்தாவில் பலத்த காற்று அடித்தால் கப்பலைத் துறையில் கட்ட முடியாது; பின்னால் வரும் ரயில்கள் யார்டில் தேங்கும்.

பதில் (சுங்கச்சாவடி): காகிதத்தை விட்டுவிட்டீர்களே. கஜகஸ்தான், ரஷ்யா, பெலாரூஸ் மூன்றும் ஒரே சுங்க ஒன்றியம். காஸ்பியன் வழியில் ஒவ்வொரு நாடும் தனிச் சுங்க எல்லை. சரக்குச் சீட்டும் ஆசிய ரயில் ஒப்பந்தத்திலிருந்து ஐரோப்பிய ஒப்பந்தத்துக்கு மாற வேண்டும். எடையோ சரக்குக் குறியீடோ ஒரு சீட்டில் பிசகினால் பெட்டி அங்கேயே நிற்கும்.

பதில் (நங்கூரம்): காஸ்பியனில் நீர்மட்டமும் இறங்குகிறது. ஆழம் குறைந்தால் கப்பல் அரைகுறைச் சுமையோடுதான் போகும். அக்தாவில் தூர்வார வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து புதுக் கப்பல் கொண்டுவர வோல்கா–டான் கால்வாய் போன்ற ரஷ்ய உள்நாட்டு நீர்வழிகள்தான் வழி. ரஷ்யாவைத் தவிர்க்கும் பாதைக்குக் கப்பல் வருவது ரஷ்யா வழியாக!