மறு: ஸ்னோமொபைல், டிராப்லைன்: தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

> வட கனடாவில் குளிர்காலத்தில் பொறி வைத்து மென்மயிர் விலங்குகளைப் பிடிப்பவர்கள் எந்த மாதிரி ஸ்னோமொபைலைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று ஒரு கட்டுரை எழுதுகிறேன். 'பனிச்சறுக்கு வண்டி' என்று போட்டுவிடலாமா?

வேண்டாம் சகோதரி. பனிச்சறுக்கு என்றதும் காலில் பலகை மாட்டிக்கொண்டு சரிவில் இறங்கும் விளையாட்டுதான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். பனிமேல் ஓடும் இந்த மோட்டார் வண்டியின் முன்னால் இரண்டு சறுக்குப்பலகைகள் இருப்பது உண்மைதான். ஆனால் அவற்றின் வேலை பெரும்பாலும் திசை திருப்புவது. வண்டியை நகர்த்துவது பின்னால் சுழலும் அகலமான ரப்பர் பட்டை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஜோசப்-அர்மாண்ட் பொம்பார்டியே 1937இல் காப்புரிமை பெற்றதும் பல்சக்கரமும் பட்டையும் சேர்ந்த இந்த அமைப்புக்குத்தான். அவர் முதலில் செய்தவை பலர் ஏறிச் செல்லும் பெரிய வண்டிகள். ஒருவர் இருவர் போகும் சின்ன வண்டியான ஸ்கி-டூ 1959இல்தான் சந்தைக்கு வந்தது. நாய்வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர்களின் வாழ்க்கைக்குள் நுழைந்தது அதுதான்.

பிற மொழிகள் எதைப் பிடித்துக்கொண்டன என்றும் பார்க்கலாம். சுவீடன்காரர்கள் 'ஸ்னோஸ்கூட்டர்' என்றார்கள். பின்லாந்தில் 'மோட்டார்' என்பதோடு சறுக்குவண்டியைக் குறிக்கும் 'கெல்க்கா'வைச் சேர்த்தார்கள். ரஷ்ய மொழியின் 'ஸ்னெகஹோத்' பனியில் செல்வது என்ற பொருள் தருகிறது. அலாஸ்காவில் இதை 'ஸ்னோமெஷின்' என்பார்கள். கனடாவின் வடக்கே யார் செய்த வண்டியாக இருந்தாலும் பேச்சில் 'ஸ்கிடூ'தான். இனுயிட் மக்களின் இனுக்டிடூட் மொழி அந்த வணிகப்பெயரையே தன் நாவுக்கு ஏற்றபடி வளைத்து எடுத்துக்கொண்டது.

நமக்குப் பேருந்து, மகிழுந்து, சரக்குந்து என்று ஒரு வரிசை இருக்கிறது. அதில் 'பனியுந்து' இயல்பாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். என் முன்மொழிவு அதுவே.

> 'பனி' என்றால் தமிழ்நாட்டில் மார்கழிப் பனிதானே? 'வெண்பனியுந்து' என்றால் தெளிவாக இருக்காதா?

ஐயா, பனிக்கரடி, பனிச்சிறுத்தை, பனிப்புயல் எல்லாவற்றிலும் மார்கழிப் பனியை யாரும் நினைப்பதில்லை. கூட்டுச்சொல்லில் வரும்போது பொருள் தெளிவாகிவிடுகிறது. கட்டுரைக்குள் ஒரு கட்டுப்பாடு மட்டும் வேண்டும்: வானிலிருந்து விழுவது பனி, ஏரி உறைந்தால் பனிக்கட்டி. இரண்டையும் கலந்தால் பின்னால் வரும் முக்கியமான செய்தி ஒன்று புரியாமலே போய்விடும். அதைக் கீழே சொல்கிறேன்.

எனக்குப் பெரிய அக்கறை 'பனியுந்து' என்ற ஒற்றைச் சொல்லில் இல்லை. பொறி வைப்பவர் வண்டி வாங்கும்போது எதையெல்லாம் எடைபோடுகிறாரோ அவை ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வேண்டும். அவை இல்லாவிட்டால், கடைக்காரர் காட்டும் வேக வண்டியை அவர் ஏன் வேண்டாம் என்கிறார் என்பதைத் தமிழில் சொல்லவே முடியாது.

முதலாவது பட்டை. ஆங்கிலத்தில் 'டிராக்' எனப்படும் இதைத் 'தடம்' என்று மொழிபெயர்க்காதீர்கள். தடம் என்ற சொல் நமக்கு வேறோர் இடத்தில் தேவைப்படுகிறது. விளையாட்டு வண்டிகளில் பட்டையின் அகலம் பெரும்பாலும் 15 அங்குலம். ஸ்கி-டூ ஸ்கான்டிக், யமஹா விகே540 போன்ற வேலைக்கான வண்டிகளில் 20 அங்குலம். 24 அங்குலமும் உண்டு. பட்டை அகலமாகவும் நீளமாகவும் இருந்தால் எடை பரவி, ஆளில்லாத காட்டின் புதுப்பனியில் வண்டி புதையாமல் போகும். இந்தப் பண்புக்கு 'மிதவைத் திறன்' என்று ஒருவர் எழுதியிருந்தார். படகு நினைவுக்கு வருகிறது. சேற்று வயலில் டிராக்டர் மாட்டிக்கொண்டால் ஓட்டுநர் "வண்டி புதைஞ்சிருச்சு" என்றுதான் சொல்வார். ஆகவே 'புதையாமை' போதும். "20 அங்குலப் பட்டைக்குப் புதையாமை அதிகம்" என்று எழுதிப் பாருங்கள், இடறாது. பட்டையின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முனைகளுக்குப் 'பட்டைப்பல்' என்று சொல்லலாம்.

ஆனால் அகலமே எல்லாம் என்று கட்டுரையில் எழுதிவிடாதீர்கள். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினும் அகலப் பட்டையும் கொண்ட ஸ்கான்டிக் சுமார் 300 கிலோ எடை. அது மரத்தடியில் சிக்கினால் தனி ஆளால் பின்பக்கத்தைத் தூக்கித் திருப்புவது பெரும்பாடு. அதனால்தான் ஒடுங்கிய காட்டுவழியில் மார்ட்டன் என்ற சிறு மென்மயிர் விலங்கைப் பிடிப்பவர்கள் பலர் பழைய ஸ்கி-டூ டண்ட்ரா, யமஹா பிராவோ போன்ற இலகுவான, ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளை இன்னும் பழுதுபார்த்து வைத்திருக்கிறார்கள். பெரிய ஏரிகளைக் கடந்து விறகும் பெட்ரோலும் மூஸ் என்ற பெரிய மானின் இறைச்சியும் ஏற்றி வருபவருக்கு அகலமான வண்டி. புதர்க்காட்டில் தனியாக வளைந்து வளைந்து போகிறவருக்கு இலகுவான வண்டி. வசதி உள்ளவர் இரண்டையும் வைத்திருப்பார். இவை இரண்டுமே வேலை வண்டிகள் என்பதால் 'பணிப் பனியுந்து' என்று எழுதத் தோன்றும். பணி, பனி இரண்டும் அடுத்தடுத்து வந்து நாக்கு பிறழும். 'இழுவைப் பனியுந்து' என்றால் பின்னால் சறுக்குவண்டி கட்டி இழுப்பதும் அதிலேயே அடங்கிவிடும்.

அடுத்தது குளிர்ப்பு. நீர்க் குளிர்ப்பு எஞ்சினில் சூடான நீர் வண்டியின் அடித்தட்டில் உள்ள குழாய்கள் வழியாக ஓடும். பட்டை அள்ளி வீசும் பனி பட்டுத்தான் அது ஆறுகிறது. காற்று பனியைத் துடைத்துவிட்ட வெறும் பனிக்கட்டியில் ஓடினால் அள்ளி வீச ஒன்றும் இருக்காது; எஞ்சின் சூடேறிவிடும். விசிறி வைத்த எஞ்சினுக்கு இந்தத் தொல்லை இல்லை. சுமை இழுத்துக்கொண்டு மெதுவாகப் போனாலும் விசிறி சுழன்றுகொண்டே இருக்கும். அகராதிகளில் உள்ள 'காற்றுக் குளிர்ப்பு' இங்கே போதாது. பைக்கில் போல எதிர்க்காற்றை நம்பியிருப்பது வேறு, இது வேறு. எனவே 'விசிறிக் குளிர்ப்பு'.

டூ ஸ்ட்ரோக், பெல்ட், ஸ்பார்க் பிளக் மூன்றையும் அப்படியே விடுங்கள். மெக்கானிக் கடையில் சொல்லும் சொல்லே கட்டுரையிலும் இருக்கட்டும். கயிற்றை இழுத்துக் கிளப்பும் டூ ஸ்ட்ரோக் வண்டியை ஏன் விரும்புகிறார்கள் என்று ஒரு பத்தி எழுதுங்கள். மைனஸ் 40இல் பேட்டரி செத்துவிட்டாலும் கயிறு இழுத்தால் கிளம்பும். ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோலை மிச்சப்படுத்தும், சத்தமும் குறைவு. ஆனால் எடை அதிகம், பேட்டரியை நம்பியிருக்கிறது.

இப்போது பனிக்கட்டிச் செய்தி. ஏரி உறைந்த பிறகு மேலே பனி கனமாகக் குவிந்தால், அந்தப் பாரத்தில் பனிக்கட்டி கொஞ்சம் அழுந்தும். விரிசல் வழியே நீர் மேலேறி, பனிப் போர்வைக்கு அடியில் உறையாமல் தேங்கி நிற்கும். மேலே பார்த்தால் வெள்ளை வெளேரென்று ஒன்றுமே தெரியாது. உள்ளே வண்டியை விட்டால் பட்டை பனியும் நீரும் கலந்த குழம்பில் சுழன்று நின்றுவிடும். வெளியே இழுத்ததும் காற்றுப்பட்டு அந்தக் குழம்பு பட்டைக்குள்ளும் சக்கரங்களிலும் கல்லாக இறுகிவிடும்; கோடரியின் பின்புறத்தால் தட்டித் தட்டி எடுக்க வேண்டும். பழகியவர்கள் இரவில் வண்டியை நிறுத்தும்போது பட்டைக்கு அடியில் ஸ்ப்ரூஸ் மரக் கம்புகளைப் போட்டு அதன்மேல் ஏற்றிவைப்பது, காலையில் பட்டை தரையோடு உறைந்து ஒட்டியிருக்கக் கூடாது என்பதற்காகத்தான். பனிக்கு அடியில் தேங்கும் இந்த நீருக்குப் 'பனியடிநீர்' என்பது என் யோசனை. ஆனால் பனிக்கட்டிக்கு அடியில் உள்ள ஏரிநீர் என்று வாசகர் எடுத்துக்கொள்ளக் கூடும். இதைவிட நல்ல சொல் கிடைத்தால் மகிழ்வேன்.

> பொறிகளை வரிசையாக வைத்துப் பார்த்துவரும் வழியான டிராப்லைனுக்குக் 'கண்ணித்தடம்'?

ஈழத்து வாசகருக்குக் கண்ணி என்றவுடன் கண்ணிவெடிதான் நினைவுக்கு வரும். அந்தச் சொல்லை இங்கே கொண்டுவர எனக்கு மனமில்லை. பொருளாலும் அது பாதிதான்: லின்க்ஸ் என்ற காட்டுப்பூனைக்கு வைக்கும் கம்பிச் சுருக்கு கண்ணி, மார்ட்டனுக்குப் பெட்டிக்குள் வைக்கும் கானிபேர் என்ற இரும்புப் பொறி கண்ணி ஆகாது. எலிப்பொறியில் உள்ள 'பொறி' எல்லாருக்கும் தெரியும். 'பொறித்தடம்' என்று மட்டும் எழுதினால் பொறித்த தடம், பதிந்த காலடி என்று படிக்க இடமுண்டு. முதல் முறை 'பொறிவேட்டைத் தடம்' என்று முழுதாக எழுதிவிட்டு, பிறகு 'பொறித்தடம்' என்று சுருக்கலாம். ஆளுக்குப் 'பொறிவேட்டைக்காரர்'.

இன்னொன்று. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1926இலேயே டிராப்லைன்களைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். அங்கே அந்தச் சொல் வெறும் வழியைக் குறிப்பதில்லை. எல்லை வகுத்த நிலப்பரப்பைக் குறிக்கிறது. ஜேம்ஸ் விரிகுடாவின் கிழக்கே வாழும் கிரீ பழங்குடி மக்களிடமும் அப்படியே. ஒவ்வொரு பரப்புக்கும் பொறுப்பான ஒரு மூத்தவர் இருப்பார். அந்த இடங்களில் தடம் என்று எழுதினால் அவர்களுடைய நில உரிமை ஒற்றையடிப் பாதையாகச் சுருங்கிவிடும். அங்கே 'பொறிவேட்டைப் புலம்' என்றே எழுதுங்கள், சகோதரி. இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பின்னால் கட்டி இழுக்கும் சறுக்குவண்டிக்கும், வண்டியோடு அதைப் பிணைக்கும் இரும்புக் கொக்கிக்கும் இன்னும் சொல் முடிவாகவில்லை. கொக்கியை 'இழுகொக்கி' எனலாமா? டிரெய்லர் ஓட்டும் நண்பர்கள் யாராவது இருந்தால், நீங்கள் வழக்கில் சொல்வதை எழுதுங்கள்.

அன்புடன்,
குழு உறுப்பினர், வட ஒன்டாரியோ