புதுப்பிப்பு: தம்பியின் கால் ஓயாத நடை

போன மாசம் எழுதியிருந்தேன்: காதில் குரல் கேட்கும் நோய்க்குத் தரும் ரிஸ்பெரிடோன் மாத்திரையின் அளவைக் கூட்டினதிலிருந்து தம்பியால் உட்காரவே முடியலை, கோத்தகிரி குளிரிலும் ராத்திரி முழுக்க வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறான், நோய் முத்திப்போச்சோ என்று.

நோய் இல்லை, மருந்தின் பக்கவிளைவு. அகதீசியா என்று பேர்; உள்ளுக்குள் தவிப்பாகி, சும்மா உட்கார முடியாமல் போவது. டாக்டர் அவனிடமே கேட்டார்: "நடக்கச் சொல்லி குரல் ஏதாவது கேக்குதா, இல்ல காலே சும்மா இருக்க விடலையா?" "கால்தான் சார், உள்ள என்னமோ பிறாண்டுது" என்றான். ரிஸ்பெரிடோன் அளவைக் குறைத்து, அந்தத் தவிப்பு அடங்க ப்ரோப்ரனலால் என்ற மாத்திரையைச் சேர்த்தார். அதற்கு முன் வீசிங் உண்டா என்று விசாரித்தார்; ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாதாம்.

இப்போது சாப்பிட்டு முடிக்கிறவரை உட்கார்கிறான். குரல்கள் இன்னும் போகவில்லை, பக்கத்து வீட்டு டிவி மாதிரி தூரமாகக் கேட்கிறது என்கிறான்.

இதே நோய்க்கான இன்னொரு மருந்தான ஒலன்சபினுக்கு மாறலாமா என்று போன பதிவில் கேட்டவர்களுக்கு: அதில் எடையும் சர்க்கரையும் ஏறும் வாய்ப்பு அதிகம். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் தம்பிக்கும் வந்துவிடுமோ என்று டாக்டர் யோசிக்கிறார்.

மாத்திரையை நிறுத்திப் பார்க்கச் சொன்ன அண்ணா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்து அதிகம். தயவுசெய்து யாருக்கும் அப்படிச் சொல்லாதீர்கள். மலையிலிருந்து இறங்க வழியில்லாதவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.