மீஞ்சூர் பக்கம் பழைய கிணற்று விவரம் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். மீஞ்சூருக்குக் கிழக்கே எங்கள் ஊரில் 11 கிணறுகளின் நீரை மாதம் ஒருமுறை சோதித்து எழுதி வைக்கிறேன். கையில் இருப்பது, நீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் ஒரு சின்ன டிடிஎஸ் மீட்டர்தான். மூன்று கிணறுகளில் லிட்டருக்கு 2000 மில்லிகிராமைத் தாண்டிவிட்டது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்துக்கு இந்தியத் தரநிலை அனுமதிக்கும் உச்ச அளவே அதுதான்.

இந்தப் பக்கம் 1960களின் கடைசியிலேயே நிலத்தடியில் கடல்நீர் புகுந்தது தெரிந்த கதை. நன்னீர் லேசு என்பதால் அது உப்புநீருக்கு மேலே மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே கொஞ்சம் இறைத்தாலும் கீழே உப்பு விறுவிறுவென ஏறுவது இதனால்தான்.

என் சிக்கல், ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய அளவு எதுவும் இல்லை. 1980, 90களின் தண்ணீர்ப் பரிசோதனைச் சீட்டு யார் வீட்டிலாவது கிடந்தால் படம் எடுத்துப் போடுங்கள். "எந்த வருஷம் தண்ணி கரிச்சுது" என்று பாட்டி சொன்னாலும் போதும், எழுதிக்கொள்கிறேன்.

அப்புறம், உப்பு கடலிலிருந்து வருகிறதா, பக்கத்து உப்பளத்திலிருந்து கசிகிறதா என்று பிரித்தறிய எந்தச் சோதனை செய்யலாம்? நிலவியல் படித்தவர்கள் சொல்லுங்களேன்.