மதுக்கரை காட்டோரம்: சோலார் வேலியில வெயில் காலத்துல ஷாக் குறையுது

கேள்வி: எட்டிமடைப் பக்கம், ரிசர்வ் காட்டை ஒட்டுன தென்னந்தோப்புங்க. மழைக்காலத்துல 7 கிலோவோல்ட் காட்டுது, மாசி பொறந்தா 3-க்கு இறங்கிடுது. 12 வோல்ட் பேட்டரி புதுசு. எங்க பாக்கறது?

பதில் 1: எர்த்துதானுங்க. காய்ஞ்ச மண்ணுல மின்சாரம் திரும்பி வராது. 6 அடி ஜிஐ ராடு மூணு, பத்தடி இடைவெளியில அடிச்சு, அடியில தண்ணி ஊத்துங்க. சோதிக்க: 100 மீட்டர் தள்ளி வேலியை இரும்புக் கம்பியால மண்ணோட சேர்த்துட்டு, எர்த்து ராடுல அளங்க. 0.3 கிலோவோல்ட்டுக்கு மேல காட்டுனா இன்னொரு ராடு வேணும்.

பதில் 2: ஆமாங்க. புல்லு, உண்ணிச்செடி தொட்டா மழையிலதான் அதிகம் இறங்கும்; இது அப்படியில்ல. வேலிக்கால்களையும் கவனிங்க. தந்தத்துல ஷாக் ஏறாது, கொம்பன் யானை வேலிக்காலைச் சாச்சுட்டு வந்துடும்.

பதில் 3: பத்தலைன்னு ஈபி லைனை மட்டும் நேரா குடுத்துடாதீங்க. வேலிக்கு ஷாக் குடுக்கற எனர்ஜைசர் பெட்டி நொடிக்கு ஒரு துடிப்புதான் அனுப்பும். ஈபி லைன் தொட்டவங்களை விடாது, ஆளும் சாவான். 2023 விதிப்படி வனத்துறை அனுமதி இருக்குதுங்களா?