மீட்டர் காட்டும் ஓமும் ஓடும்போது இருக்கும் ஓமும்

பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவன் 100 வாட் குண்டு பல்பில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தான். மின்தடை 40 ஓம். மின்னழுத்தம் 230 வோல்ட். அதை 40-ஆல் வகுத்தால் மின்னோட்டம் 5.75 ஆம்பியர். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் திறன் 1,300 வாட்டைத் தாண்டுகிறது. "அண்ணே, பல்பு மேல தப்பா அச்சடிச்சிருக்காங்க" என்றான்.

கணக்கில் பிழையே இல்லை. பல்பை எரியவிட்டு, தொடரில் அம்மீட்டர் போட்டுக் காட்டினேன்: 0.43 ஆம்பியர். இப்போது 230-ஐ 0.43-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 535 ஓம். பெருக்கினால் 99 வாட். எரியும்போது டங்ஸ்டன் இழை 2,500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறுகிறது. மின்தடை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. அதற்காக அந்த 40 ஓம் பொய்யில்லை. ஸ்விட்ச் போட்ட அந்த நொடியில் பல்பு உண்மையிலேயே அவ்வளவு மின்னோட்டத்தை இழுக்கும். குண்டு பல்புகள் பெரும்பாலும் போடும்போதே ஃபியூஸ் ஆவது இதனால்தான்.

*

மேலே பல்பு பற்றி எழுதியவருக்கு: பல்புக்கு நீங்கள் சொன்னது சரி. ஹீட்டரில் அந்தத் தொல்லை கிடையாது. ஹீட்டர் சுருளில் இருக்கும் நிக்ரோம் (நிக்கல்-குரோமியம் கலவை) கம்பி சூடானாலும் மின்தடை சில சதவீதம்தான் மாறும். 1,000 வாட் சுருளைக் குளிர்ச்சியாக அளந்தாலே 53 ஓமுக்குப் பக்கத்தில் வரும்.

என்னிடம் அடிக்கடி வரும் புகார் வேறு: "வோல்டேஜ் 200-க்கு இறங்கினதுக்கா தண்ணி சூடாக இவ்வளவு நேரம்?" 200-ஐ 53-ஆல் வகுத்தால் 3.77 ஆம்பியர், திறன் சுமார் 755 வாட். மின்னழுத்தம் 13 சதவீதம் குறைந்ததற்குத் திறனில் கால்பங்கு போய்விட்டது. மின்னோட்டமும் கூடவே குறைவதுதான் காரணம்.

மோட்டாரில் மட்டும் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். ஃபேன் சுருளின் ஓமை வைத்து அது இழுக்கும் மின்னோட்டத்தைச் சொல்ல முடியாது. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினாலும் வருவது வோல்ட்-ஆம்பியர். வாட் வேண்டுமானால் பவர் ஃபேக்டரால் (அந்த வோல்ட்-ஆம்பியரில் எவ்வளவு பங்கு உண்மையான திறன் என்று சொல்லும் எண்) பெருக்க வேண்டும்.

*

நீங்கள் இருவரும் சொன்னதோடு என் பங்குக்கு ஒன்று. 20 மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயர் வழியாக 2,000 வாட் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பிளக் டாப் தொட முடியாத சூடு. அணைத்துவிட்டு ஓம் அளந்து பார்த்ததில் ஒன்றும் பிடிபடவில்லை. மீட்டர் முனைகளுக்கே கொஞ்சம் தடை உண்டு, அதில் சின்ன அளவுகள் கலந்துவிடும்.

ஓடவிட்டு வோல்ட் பார்த்தேன். சாக்கெட்டில் 228, ஹீட்டர் முனையில் 216. ஒயரைக் கவ்விப் பிடித்து மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 8.2 ஆம்பியர். 12 வோல்ட் வழியிலேயே காணாமல் போகிறது. ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. போக 20, வர 20 என்று 40 மீட்டருக்கு அரை ஓம் வரும். அதில் 4 வோல்ட் இறங்குவது நியாயம். மிச்சம் 8 வோல்ட் பிளக்கில்தான் விழ வேண்டும். 8-ஐ 8.2-ஆல் பெருக்குங்கள்: 65 வாட்! ஈயம் பற்றவைக்கும் சின்ன சால்டரிங் அயனே 25 வாட்தான். தடையாகச் சொன்னால் ஒரே ஒரு ஓம்.

பிளக்கைப் பிரித்ததில் ஒரு திருகு தளர்ந்து, கம்பி கருகியிருந்தது. கருகிய பகுதியை வெட்டி, புது பிளக் டாப் மாட்டி இறுக்கிய பின் ஹீட்டர் முனையில் 224 வோல்ட் கிடைத்தது.