ஏழு வட்டமும் ஒரு மூடிய ஐபேடும்: பிலிப்பினோ தொன்மப் படங்கள் பார்த்த அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்

டாவோ மாணவன் (ஆகஸ்ட் 2025)

பிலிப்பைன்ஸின் டாவோவில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் முன்கதை வேண்டாம். 2019, என் மூன்றாம் வருடம். விடுதிக்கு எதிர் வீட்டில் இலோயிலோ ஊர்க்காரப் பெண் ஒருத்தி இருந்தாள், ஐபேடில் படம் வரைந்து, பிரிண்ட் போட்டு விற்பாள். ஒருநாள் பக்குனாவா, அதாவது அவர்கள் கதையில் நிலவை விழுங்கும் பெரும் பாம்பு, அதை வரைந்திருக்கிறேன் என்று காட்டினாள். கறுப்புத் திரை, மேலிருந்து கீழாக ஏழு வட்டம். ஆறு வட்டங்கள் வெறும் கோடு, ஏழாவது மட்டும் வெள்ளையாக நிரப்பியது. பாம்பு எங்கேயும் இல்லை. உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது, அந்த ஆறு வட்டங்களிலும் ஒவ்வொரு இடத்தில் கோடு கொஞ்சம் அழிந்திருக்கிறது. அழிந்த இடங்களை எல்லாம் கண்ணால் சேர்த்துக்கொண்டே வந்தால் ஒரு நெளிவு வருகிறது, அதுதான் உடம்பு. ஏழு நிலவில் ஆறை விழுங்கிவிட்டு மிச்சம் ஒன்றுக்காக வருகிற கதை தெரிந்தவர்களுக்கு முதுகு சிலிர்க்கும்.

நான் பார்த்ததும் "அட, இது எங்க ராகு!" என்றேன். சந்தோஷத்தில்தான் சொன்னேன். பாட்டி கிரகணத்தன்று தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தி வைத்தது, சாப்பாட்டில் தர்ப்பை போட்டது எல்லாவற்றையும் ஐந்து நிமிடம் விடாமல் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். முடித்ததும், "பாதிரியார்கள் வந்து இதைப் பிசாசு என்றார்கள். அமெரிக்காவில் இருந்து படம் வாங்குகிறவர்கள் டிராகன் என்கிறார்கள். நீ ராகு என்கிறாய். நான் வரைந்தது பக்குனாவா" என்று சொல்லிவிட்டு ஐபேடின் மூடியைச் சாத்தினாள். கோபப்படக்கூட இல்லை. அந்த மூடியில் காந்தம் ஒட்டும்போது 'டப்' என்று ஒரு சத்தம் வரும் இல்லையா, அது இன்னும் காதில் இருக்கிறது. இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?

வெண்கலமணி

ராகு என்று சொன்னதில் என்ன தப்பு என்று எனக்குப் புரியவில்லை. அவர்களுடைய திவாத்தா நம்ம தேவதைதான், சொல்லே அதுதான். பத்ஹாலா என்கிற பெரிய தெய்வத்தின் பெயரும் சமஸ்கிருத 'பட்டார'வில் இருந்து வந்தது என்று படித்திருக்கிறேன். மணிலா தேசிய அருங்காட்சியகத்தில் லகுனா செப்பேட்டைப் பார்த்தேன், ஒரு பள்ளி நோட்டு அளவுதான் இருக்கும். சக ஆண்டு 822, அதாவது கி.பி. 900, ஒரு குடும்பத்தின் பொன் கடன் தீர்ந்தது என்று எழுதியிருக்கிறது. சக ஆண்டு! அதைப் பார்த்தபோது எனக்கு நம்ம ஊர்க் கோவில் சுவரின் முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது.

என் அனுபவம் சின்னதுதான். லாஸ் பான்யோஸ் போகிற வழியில் ஒரு கடையில் அஞ்சலட்டை வாங்கினேன், வெள்ளை அட்டையில் பச்சையில் ஒரே ஒரு கோடு, பின்னால் அந்த மலையைக் காக்கும் பெண் தெய்வத்தின் பெயர், 'மரியா மகிலிங்' என்று எழுதியிருந்தது. இதற்கா இவ்வளவு காசு என்று நினைத்துக்கொண்டு ஜீப்னியில் ஏறினேன். ஒரு வளைவில் மகிலிங் மலை முழுசாகத் தெரிந்தது. சும்மா அட்டையைத் தூக்கிப் பிடித்தேன். கோடு மலையின் மேல் அப்படியே உட்கார்ந்தது, நெற்றி, மார்பு, முழங்கால், மல்லாந்து படுத்திருக்கும் பெண். பக்கத்தில் இருந்த பெரியவர் என் கையைப் பிடித்து அட்டையைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்திவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

தெம்பனிஸ்வாசி

வெண்கலமணி, சொல் நம்மிடம் இருந்து போனது என்பதால் சாமியும் நம்முடையதாகிவிடுமா? அதுவும் சமஸ்கிருதச் சொல், மலாய், ஜாவா வழியாகப் போனது, அதில் 'நம்ம' எங்கே வந்தது? அந்தப் பெரியவர் உங்கள் கையை நகர்த்தினாரே, அதைத்தான் அந்த இலோயிலோ பெண்ணும் செய்திருக்கிறாள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. ஹாலில் ஒரு மனனங்கல் பிரிண்ட் மாட்டியிருந்தேன். சாம்பல் நிறப் பின்னணி, கீழே இரண்டு குட்டைக் கோடுகள் கால்கள், அதன்மேல் ஒரு படுக்கைக் கோடு இடுப்பு, அவ்வளவுதான், மற்றதெல்லாம் காலி. மேல் விளிம்பில் மட்டும் இறக்கையின் நுனி வெட்டுப்பட்ட மாதிரி ஒரு சின்ன முக்கோணம். உடம்பின் மேல் பாதி பறந்து போய்விட்டது, நின்றுகொண்டிருப்பது கீழ்ப் பாதி. அதன் அமைதி எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு பிலிப்பினோ அக்கா வேலைக்கு வந்தார். முதல் வாரம் சமையலறையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார், எந்த ஊர் என்று கேட்டேன், காப்பிஸ் என்றார். நான் இந்தப் படங்களுக்காக நிறையப் படித்து வைத்திருந்தேன் இல்லையா, படித்த பெருமையில் "ஓ, அஸ்வாங் ஊரா!" என்று சிரித்தேன். அஸ்வாங் என்றால் ரத்தம் குடிக்கும் பேய், மனனங்கல் அதில் ஒரு வகை, பூண்டென்றால் அதற்கு ஆகாது என்பார்கள், காப்பிஸ் அந்தக் கதைகளுக்குப் பேர்போன ஊர். அவர் சிரிக்கவில்லை. உரித்த பூண்டுப் பல்லை எடுத்து, என் முகத்துக்கு நேராக நீட்டி, விரல்களால் அழுத்தி நசுக்கிக் காட்டினார். "நான் தொடுகிறேன் பாருங்கள் மேடம். ஒன்றும் ஆகவில்லை." மணிலாவில் படிக்கும்போது கேட்டார்களாம், ஹாங்காங்கில் வேலை பார்த்தபோது அவர்கள் ஊர்க்காரர்களே கேட்டார்களாம், இப்போது நான்.

படத்தைக் கழற்றட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நல்லாத்தான் இருக்கிறது என்றார். எனக்குத்தான் அதற்கப்புறம் அதைப் பார்க்க முடியவில்லை. வரைந்தவர் முகத்தை வரையாமல் விட்டது கலை. அந்தக் காலி இடத்தில் நான் ஒரு ஊர்க்காரர்களின் முகத்தைக் கொண்டுபோய் ஒட்டியிருக்கிறேன். பூண்டு வாசனை வந்தாலே அந்த விரல்தான் ஞாபகம் வருகிறது.

பழைய காகிதம்

காப்பிஸ் பற்றிச் சொன்னதால் ஒன்று சொல்ல வேண்டும். அஸ்வாங் என்பது வெறும் பாட்டிக் கதையாக மட்டும் இருந்ததில்லை. 1950களின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸின் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளர்களான ஹுக்குகளை ஒரு குன்றில் இருந்து விரட்ட, அமெரிக்க அதிகாரி எட்வர்ட் லான்ஸ்டேலின் ஆட்கள் ஒரு திட்டம் போட்டார்கள். இந்தக் குன்றில் அஸ்வாங் இருக்கிறது என்று முதலில் வதந்தி. அப்புறம் ரோந்து வந்தவர்களில் கடைசி ஆளைப் பிடித்து, கழுத்தில் இரண்டு துளை போட்டு, தலைகீழாகத் தொங்கவிட்டு ரத்தத்தை வடித்து, உடலைப் பாதையிலேயே போட்டுவிட்டார்கள். இதை லான்ஸ்டேலே தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். இதைப் படித்த பிறகு ஒரு கண்காட்சியில் வெள்ளைத் தாளில் இரண்டு சிவப்புப் புள்ளி மட்டும் வைத்த ஒரு படத்தைப் பார்த்தேன். கீழே தலைப்பு எதுவும் இல்லை. எல்லோரும் காட்டேரி என்று சொல்லிக்கொண்டே கடந்து போனார்கள். நான் அங்கேயே நின்றேன்.

கராமா டிசைனர்

என்னுடையது என் தப்புதான், நேராகச் சொல்லிவிடுகிறேன்.

துபாயில் பிரிண்டிங் கடையில் டிசைன் வேலை. ஒரு பிலிப்பினோ அப்பா, மகளின் முதல் பிறந்தநாளுக்குப் பின்னணி பேனர் கேட்டு வந்தார். பெயர் தாலா, பிரகாசமான நட்சத்திரம் என்று அர்த்தம், தகாலோகு மக்களின் விடிவெள்ளித் தெய்வத்தின் பெயரும் அதுதான். அடர்நீலம், நடுவில் பாய்பாயின் என்கிற பழைய தகாலோகு எழுத்தில் பெயர், வேறு எதுவும் வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னார். இரண்டே எழுத்து, தா, லா. பைலைத் திறந்து பார்த்தால் எனக்கு மொட்டையாகத் தெரிந்தது. நட்சத்திரம் என்று சொன்னாரே என்று முதல் எழுத்துக்குக் கீழே பொன்நிறத்தில் ஒரு புள்ளி வைத்தேன். அழகாக இருந்தது, இப்போதும் சொல்வேன். ஆறடிக்குப் பிரிண்ட் எடுத்தாயிற்று.

வந்தவர் விரித்துப் பார்த்தார். விரலை அந்தப் புள்ளியில் வைத்தார். "தூலா" என்று படித்தார்.

பாய்பாயினில் எழுத்துக்கு மேலே குறி போட்டால் இகரம், கீழே போட்டால் உகரம். குட்லித் என்பார்கள். நான் வைத்தது நட்சத்திரம் இல்லை, உயிர்க்குறி. தூலா என்றால் அவர்கள் மொழியில் கவிதை. "பரவாயில்லை, என் பெண் இன்றைக்கு ஒரு நாள் கவிதையாக இருக்கட்டும்" என்று சொல்லி முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார். மறுபடி போட்டுத் தருகிறேன் என்று கெஞ்சினேன், மணி ஆகிவிட்டது என்றார். ஒரு புள்ளியில் 'கல்' 'கல' ஆகிவிடும் மொழியில் பிறந்தவன் நான். நம் எழுத்தில் இன்னொருவன் அழகுக்காகப் புள்ளி வைத்தால் எனக்கு எப்படி இருக்கும்? அவர் திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

கோடும் நிறமும்

எனக்கும் ஒன்று உண்டு. ஒரு நிகழ்ச்சிக்கு, திபோலி மக்கள் அபாக்கா என்கிற வாழை இன நாரில் நெய்யும் தினாலாக் துணியின் வடிவத்தை வெக்டராக மாற்றித் தரையில் ஒட்டும் வினைலாகப் போட்டோம். ஒரு பெண் மட்டும் நாள் முழுக்க அதைச் சுற்றிச் சுவரோரமாகவே நடந்தார். சாயங்காலம் கேட்டேன், திபோலி மக்கள் அந்தத் துணியைத் தாண்டமாட்டோம் என்றார்.

இனி வரைகிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள். முதலில் 'பிலிப்பினோ தொன்மம்' என்று மொத்தமாக ஒரு மூட்டை கிடையாது. பக்குனாவா விசாயா பக்கத்துக் கதை. டாவோ மாணவன், நீங்கள் இருந்த டாவோ பக்கத்தில் பகோபோ மக்களிடம் நிலவை விழுங்குவது பாம்பே இல்லை, மினோகாவா என்கிற பெரும் பறவை, அது உங்கள் தோழிக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். காலிங்கா மக்கள் பச்சை குத்திக்கொள்ளும் பூரான் வடிவத்தைக் கொண்டுபோய் விசாயாத் தெய்வத்தின் கையில் வரையாதீர்கள், இஃபுகாவ் மக்களின் நெல் காக்கும் பூலுலை வெறும் பொம்மை ஐகானாக்காதீர்கள். இரண்டாவது, குறைவாக வரைவது என்பது தெரியாததை விட்டுவிடுவது கிடையாது, தெரிந்ததை விடுவது. தினாலாக்கைப் பாருங்கள், கறுப்பு, சிவப்பு, அபாக்கா நாரின் வெளிர்நிறம், இந்த மூன்றே நிறம்தான். செபு ஏரிக்கரையில் லாங் டூலாய் அம்மா வடிவங்களைக் கனவில் கண்டு நெய்தார், தாளில் வரைந்து வைத்துக்கொள்ளும் வழக்கமே இல்லை, 1998இல் நாட்டின் உயரிய கைவினை விருது கிடைத்தது, 2015இல் காலமானார். ஒருவர் கனவில் கண்டதை நாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து பென் டூலால் ட்ரேஸ் பண்ணுகிறோம். கேட்டுவிட்டுச் செய்யுங்கள், யாருடையது என்று படத்திலேயே எழுதுங்கள். மூன்றாவது, பாய்பாயினை 'அலிபாத்தா' என்று எழுதுவதை நிறுத்துங்கள், அது 1914இல் ஒருவர் அரபு எழுத்து வரிசையை மனதில் வைத்து உண்டாக்கிய பெயர். கராமா டிசைனர், உங்களுக்கு: குறி வைப்பதற்கு முன் அந்த மொழிக்காரர் ஒருவரிடம் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அச்சுக்குப் போகும் முன் ஒரு முறை, போன பின் ஒரு முறை. நிறத்துக்கு

திக்பாலாங் ரசிகை

கோடும் நிறமும், பாதியில் அனுப்பிவிட்டீர்கள் போல. சொன்னதெல்லாம் சரிதான், ஆனால் மனசு கஷ்டப்பட்டு எழுதியவருக்கு அச்சுக்கு முன் ஒரு முறை பின் ஒரு முறை என்று பாடம் எடுக்க வேண்டுமா? அந்தப் பெண் நாள் முழுக்கச் சுவரோரமாக நடந்தாரே, அதைச் சாயங்காலம் வரை ஏன் கேட்கவில்லை, அதைப் பற்றி இன்னும் நாலு வரி எழுதியிருக்கலாம்.

நான் கேசான் சிட்டியில் ஒரு வருடம் இருந்தேன். அலுவலகத்தில் ஒரு தம்பி ஸ்டிக்கர் வரைவான். அவன் திக்பாலாங் என்றால் இரண்டு உயரமான தலைகீழ் 'வி', நடுவில் கீழே ஒரு புள்ளி. குத்தவைத்தால் முழங்கால் தலைக்கு மேல் போகிற குதிரைத்தலை ஆள், அதற்கு வேறு கோடு தேவையே இல்லை. ஒரு மத்தியானம் வெயிலும் மழையும் சேர்ந்து அடித்தது. நான் ஜன்னலைப் பார்த்து "காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம்" என்று தமிழில் முணுமுணுத்தேன், அவனும் அதே நேரத்தில் தகாலோகில் ஏதோ சொன்னான். என்ன என்று கேட்டால், "திக்பாலாங்குக்குக் கல்யாணம்". என் காக்காயையும் நரியையும் பற்றி அவன் அரை மணி நேரம் கேட்டான். மறுநாள் என் லேப்டாப் மூடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. இடது பக்கம் அவனுடைய இரண்டு 'வி', வலது பக்கம் ஒரு அலகும் ஒரு வாலும், நடுவில் சாய்ந்த மழைக்கோடுகள். இரண்டு கல்யாணம், ஒரே மழை. பழைய லேப்டாப் போய்விட்டது, அந்த மூடியை மட்டும் கழற்றி வைத்திருக்கிறேன்.

வெண்கலமணி

தெம்பனிஸ்வாசி, ராத்திரி யோசித்தேன். செப்பேட்டைப் பற்றி எழுதியபோது அதை எழுதிய ஊரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அதில் தொண்டோ என்று மணிலாவின் ஊர்ப்பெயரே வருகிறது என்கிறார்கள். நான் சக ஆண்டை மட்டும் பிடித்துக்கொண்டேன். சொல் விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன், அது தனி.

டாவோ மாணவன் (செப்டம்பர் 8)

மினோகாவா பற்றிச் சொன்னதற்கு நன்றி. ஐந்து வருடத்துக்கு மேல் அந்த ஊரில் இருந்தும் எனக்குத் தெரியாது.

நேற்று இரவு முழு சந்திர கிரகணம். மதுரையில் மொட்டை மாடியில் நின்றுகொண்டு அவளுக்கு ஆறு வருடம் கழித்து ஒரு செய்தி அனுப்பினேன், "பக்குனாவா வந்துவிட்டதா?" என்று. அங்கே விடியற்காலை இரண்டு மணி இருக்கும், தூங்கியிருப்பாள் என்று நினைத்தேன். ஒரு குரல் பதிவு வந்தது. பேச்சே இல்லை, பாத்திரம் தட்டும் சத்தம், பின்னால் சின்னப் பிள்ளைகளின் சத்தம். நிலவைத் துப்பச் சொல்லி அது காதில் விழுகிற அளவுக்குத் தட்ட வேண்டும் இல்லையா. நான் கீழே இறங்கிப் போய் ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் எடுத்து வந்து தட்டிப் பதிவு செய்து அனுப்பினேன். கிரகண நேரத்தில் வெளியே என்னடா சத்தம் என்று அம்மா கீழே இருந்து கத்தியதும் அதிலேயே பதிவாகிவிட்டது.

"இன்னும் பலமாக" என்று பதில் வந்தது.